ஊர்ப் பெரியவர்கள் தளராமல் இருக்க ஒரு கூட்டம்: தொடங்குவது எப்படி?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில், பெரியவர்கள் மட்டும் தனியாக இருப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிறார்கள். லீவு கிடைத்தால் வந்து போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 60 வயதை எட்டியவர்கள் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 10.4 சதவீதம். இவர்களில் பலர் பெரிய நோய் எதுவும் இல்லாமலேயே தளர்ந்துபோகிறார்கள். முதலில் சந்தைக்குப் போவது நிற்கிறது. அப்புறம் கோயில். அப்புறம் பக்கத்து வீடு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் குடும்பம் விழித்துக்கொள்கிறது.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. இந்தத் தளர்ச்சியில் பெரும்பங்கைத் தள்ளிப்போட முடியும். ஆரம்பத்திலேயே கவனித்தால், போன பலத்தைக் கொஞ்சமாவது மீட்கவும் முடியும். அதற்கு வேண்டியவை காலுக்கு வேலை தரும் பயிற்சி, புரதம் உள்ள சாப்பாடு, பேச ஆள். மூன்றும் நடந்து போகிற தூரத்தில், வாரம் தவறாமல் கிடைக்க வேண்டும். வருடத்துக்கு ஒரு நாள் பந்தல் போட்டு நடத்தும் மருத்துவ முகாமில் பிரஷரும் சர்க்கரையும் தெரிந்துகொள்ளலாம், தசை வளராது. அதற்கு ஊருக்குள்ளேயே ஒரு சின்னக் கூட்டம் வேண்டும். அதைத் தொடங்க நினைக்கும் குடும்பஸ்ரீ (கேரளப் பெண்கள் சுயஉதவிக் குழு) அக்காமார், வாயனசாலை (ஊர் நூலகம்) இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். டாக்டராகவோ நர்ஸாகவோ இருக்கத் தேவையில்லை.

யாரை முதலில் அழைப்பது

2001-ல் லிண்டா ஃபிரீட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள். எடையைக் குறைக்க நினைக்காமலே ஒரு வருடத்தில் நாலரை கிலோவுக்கு மேல் குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடி பலம் குறைவது, நடை மெதுவாவது, உடலை அசைக்கிற வேலை குறைந்துபோவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் தளர்ச்சி வந்துவிட்டது என்று பொருள். ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி.

அந்த முந்தைய படியில் நிற்பவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். படுக்கையில் இருப்பவர்களைக் கேரளத்தில் பஞ்சாயத்தின் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறார். ஓடியாடுகிறவர்களுக்கு இப்போதைக்கு அவசரமில்லை. இரண்டுக்கும் நடுவில், திண்ணையைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற, "சந்தைக்கு இப்பெல்லாம் போறதில்லைங்க" என்று சொல்கிற ஆட்கள் யார் கணக்கிலும் இல்லை.

அவர்களைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் முதியோர் பராமரிப்புக் கையேடு இதற்கு 14 வினாடி தருகிறது. அதற்குள் முடியவில்லை என்றால் கால் பலம் குறைந்திருக்கிறது. அடுத்து, தரையில் சாக்பீஸால் 4 மீட்டர் குறித்து, வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். 5 வினாடிக்கு மேல் ஆனால் கவனிக்க வேண்டும். ஜப்பானில் பொதுமக்களே செய்துகொள்ளும் இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். உட்கார்ந்த நிலையில் இரண்டு கைகளின் பெருவிரல், ஆள்காட்டி விரல்களைச் சேர்த்து, கெண்டைக்காலின் பருத்த இடத்தை வளையமாகப் பிடிக்க வேண்டும். வளையத்துக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளி விழுந்தால் தசை கரைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எடையையும் சேர்த்து இவற்றையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இது நோயைக் கண்டுபிடிக்கிற பரிசோதனை அல்ல, மூன்று மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கணக்கு. கண்ணும் காதும் எப்படி இருக்கின்றன என்பதையும் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள். புரை விழுந்த கண்ணோடு படியிறங்குகிறவருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் விழும் ஆபத்து குறையாது.

இடம், நேரம்

இடத்தைத் தேர்வு செய்யும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஊரில் எந்தத் தெருக்காரரும் தயங்காமல் உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிற இடமாக அது இருக்க வேண்டும். கோயில் மண்டபம் வசதியாகத் தெரியலாம். ஆனால் சில தெருக்காரர்கள் அங்கே வந்தாலும் ஓரமாகத்தான் நிற்பார்கள், பல ஊர்களில் வரவே மாட்டார்கள். உழைத்து உழைத்து உடம்பு தேய்ந்துபோன பெரியவர்கள் அந்தத் தெருக்களில்தான் அதிகம். அங்கன்வாடி, பள்ளிக்கூட வராந்தா, வாயனசாலை மாதிரியான பொதுக் கட்டடமே நல்லது. பக்கத்தில் கழிப்பறை இருக்க வேண்டும். அதில் உட்காரும் மேடை இருந்தால் இன்னும் நல்லது. மாடி வேண்டாம், வழுக்கும் டைல்ஸ் வேண்டாம்.

நேரத்தைப் பால் சொசைட்டியை வைத்து முடிவு செய்யுங்கள். பசுவோ எருமையோ வைத்திருக்கிற வீட்டில் காலைக் கறவையும் மாலைக் கறவையும் முடியாமல் யாரும் வர மாட்டார்கள். சாயங்காலம் பால் ஊற்றிவிட்டு வரும் நேரம் எங்கள் பக்கத்துக்குத் தோது. மார்ச், ஏப்ரலில் வெயில் தாங்காது, அப்போது காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மண்ணை வாரி அடிக்கும். இருமல், இழுப்பு உள்ளவர்களுக்காக அந்த மாதங்களில் சுவர் அடைத்த அறைக்குள் நடத்துங்கள்.

வாரத்தில் இரண்டு நாள் கூட்டம், ஒரு நாள் வீட்டிலேயே பயிற்சி என்று தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு மேல் போனால் இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் தடுமாறுவதைப் பார்த்துப் பிடிக்க, கூட்டம் நம் கண்ணுக்குள் அடங்க வேண்டும்.

ஆள் சேர்ப்பது

மைக் கட்டி அறிவித்தால் நல்ல பலத்தோடு இருப்பவர்கள்தான் வருவார்கள். ஆஷா பணியாளரோடு வீடு வீடாகப் போங்கள். யார் சமீபத்தில் விழுந்தார், யார் வீட்டுக்காரர் தவறிய பிறகு வெளியே வருவதில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "அம்மிச்சி, நாளைக்கு நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, சொன்னபடி போய் நின்றால் போதும்.

ஆண்களை வர வைப்பது கடினம். டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்துவந்து பெண்களோடு சேர்ந்து கைகால் ஆட்டக் கூச்சப்படுவார்கள். அவர்களுக்கு ஒரு பொறுப்பு கொடுங்கள். "அப்புச்சி, நோட்டுல கணக்கெழுத ஆள் வேணும், வாங்க" என்றால் வருவார்கள். நேரம் பார்ப்பது, நாற்காலி போடுவது, எண்ணிக்கை சொல்வது எல்லாம் அப்படிப் பகிர வேண்டிய வேலைகள். வேலை செய்ய வந்தவர் ஒரு வாரம் பார்ப்பார், அடுத்த வாரம் தானும் எழுந்து உட்காருவார்.

தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

நெஞ்சுவலி, நடந்தால் மூச்சு முட்டல், மயங்கி விழுந்த அனுபவம், சமீபத்தில் மாரடைப்பு, பக்கவாதம், எலும்பு முறிவு, கண் அறுவை, குடலிறக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே பயிற்சி. அன்றைக்கு பிரஷர் 180/110-க்கு மேல் காட்டினால் உட்கார வைத்துப் பேசிக்கொண்டிருங்கள், பயிற்சி வேண்டாம். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். காரணம் தெரியாமல் எடை குறைகிறவரைக் கூட்டத்தில் சேர்த்ததோடு விட்டுவிடாதீர்கள். காசநோய், சர்க்கரை, தைராய்டு, புற்றுநோய், மனச்சோர்வு எல்லாமே எடையைக் குறைக்கும்.

மாத்திரைப் பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எல்லையோரத்தில் இது முக்கியம். கேரள ஆஸ்பத்திரியில் ஒரு சீட்டு, பொள்ளாச்சியில் ஒரு சீட்டு என்று வாங்கி, ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்குகிறவர்கள் உண்டு. தூக்க மாத்திரையும், அளவு கூடிய பிரஷர் மாத்திரையும் எழுந்து நிற்கும்போது தள்ளாட்டத்தைத் தரும். நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். பையை அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

பயிற்சி

நியூசிலாந்தின் டனிடன் நகரில் 1990-களில் உருவான ஒடாகோ பயிற்சித் திட்டம் காலுக்கு பலம், சமநிலை, நடை ஆகிய மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டது. அதைச் செய்த முதியவர்கள் விழுவது சுமார் 35 சதவீதம் குறைந்தது. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரை உள்ள 1,635 பேரை வைத்து நடந்து 2014-ல் வெளியான ஓர் ஆய்வில், நடையும் பலப் பயிற்சியும் சேர்ந்து செய்தவர்களுக்கு, நடக்க முடியாமல் போகும் ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. ஜப்பானின் கோச்சி நகரில் 2002-ல் தொடங்கிய பயிற்சிதான் நம் ஊருக்கு ரொம்பப் பக்கத்தில் வருவது. கையிலும் காலிலும் சின்ன எடையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் சேர்ந்து மெதுவாகச் செய்கிறார்கள். நடத்துவதும் அந்த ஊர்க்காரர்களே.

நம் கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். சேலைக் கரை தரையைத் தொடாமல் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், தேய்ந்த ரப்பர் செருப்பை வெளியே விடச் சொல்லுங்கள். நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கால் விரியும் பிளாஸ்டிக் நாற்காலி இந்த வேலைக்கு உதவாது.

முதல் ஐந்து நிமிடம் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, காலை மாற்றி மாற்றித் தூக்குவது, தோளைச் சுழற்றுவது. அப்புறம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், எட்டு முதல் பத்து தடவை. கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. இந்தக் கூட்டத்தின் உயிர் இதுதான். கழிப்பறையிலிருந்து எழுவதும் பஸ் படியேறுவதும் இதே தசைகளின் வேலை. முட்டிவலிக்காரர்களுக்கு ஜமுக்காளத்தைக் கெட்டியாக மடித்துப் போட்டு, இருக்கையை உயர்த்திக் கொடுங்கள். பலம் வர வர ஒவ்வொரு மடிப்பாக எடுத்துவிடலாம்.

அடுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, பக்கவாட்டில் காலைத் தூக்குவது. உட்கார்ந்து முட்டியை நீட்டும் பயிற்சிக்குக் கணுக்காலில் மணல் பை கட்டலாம். ஊர்த் தையல்காரரிடம் கெட்டித் துணியில் அரை கிலோ மணல் பிடிக்கிற பை தைத்து, கட்ட நாடா வைக்கச் சொல்லுங்கள். கைக்குத் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில் போதும். கைப்பிடி பலத்துக்கு ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவது.

சமநிலைக்கு, முதலில் இரண்டு பாதமும் சேர்த்து 10 வினாடி நிற்பது. அது எளிதானதும் ஒரு பாதத்தைப் பாதி முன்னே வைத்து. அதுவும் எளிதானால் ஒரு குதிகால் மறு பாதத்தின் விரலைத் தொடும்படி. பிடிமானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், தொண்டர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

எண்ணிக்கையை எல்லோரும் உரக்கச் சொல்ல வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் பிரஷர் ஏறும், வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வரும். கடைசி இரண்டு தடவை கொஞ்சம் கஷ்டமாக இருக்க வேண்டும். எட்டும் சுலபமாக வந்துவிட்டால் எண்ணிக்கையைப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் கூட்டுங்கள், இல்லை மணலைக் கூட்டுங்கள். பாவம் பெரியவர்கள் என்று எப்போதும் லேசாகவே கொடுத்துக்கொண்டிருந்தால் பலம் கூடாது. மறுநாள் தொடையில் லேசான வலி இருப்பது இயல்பு. மூட்டு வீங்கினால், நெஞ்சு அடைத்தால், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

மாதத்துக்கு ஒரு நாளாவது, விழுந்தால் எழுவது எப்படி என்று செய்து காட்டுங்கள். ஒருக்களித்துப் புரண்டு, கையும் முட்டியும் ஊன்றி, நாற்காலிக்கு ஊர்ந்து போய், அதைப் பிடித்து, பலமான காலை முதலில் ஊன்றி எழ வேண்டும். தரையில் கிடந்தபடி யாராவது வரமாட்டார்களா என்று மணிக்கணக்கில் காத்திருந்த பாட்டிமார்கள் இருக்கிறார்கள். அடிபட்ட இடத்தில் கடும் வலி இருந்தால் எழ முயலக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

சாப்பாடு

கறந்த பால் முழுவதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, வரக்காப்பி குடித்து, மத்தியானம் சோறும் ரசமும், ராத்திரி மிச்சச் சோற்றில் தண்ணீரும் ஊறுகாயும் என்று முடித்துக்கொள்கிற பெரியவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். பால் காசு பேரப்பிள்ளையின் ஃபீஸுக்குப் போகிறது. ஒருத்தருக்காக என்ன சமையல் என்று விட்டுவிடுவதும் உண்டு. இதை மாற்றாமல் பயிற்சி மட்டும் கொடுத்தால் பாதிப் பலன்தான்.

2013-ல் பன்னாட்டு முதியோர் மருத்துவ நிபுணர் குழு ஒன்று, முதியவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 50 கிலோ எடை உள்ளவருக்கு 50 முதல் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, 200 மில்லி பாலில் 6 கிராமுக்கு மேல், ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7 கிராம் அளவுக்கு, 30 கிராம் கொள்ளிலோ பச்சைப்பயறிலோ 6, 7 கிராம். சோற்றிலிருந்தும் கொஞ்சம் வரும். காலையில் ஒரு டம்ளர் பால், மத்தியானம் கொள்ளுப் பருப்போ தட்டைப்பயறோ, ராத்திரி கஞ்சியோடு பயறு, நடுவில் முட்டையோ கடலையோ என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுத்தால் கணக்கு எட்டிவிடும். மத்தி மீன் வாங்குகிற வீட்டில் இன்னும் சுலபம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும்.

பல்லில்லாதவரிடம் கடலை சாப்பிடுங்கள் என்று சொல்லிப் பயனில்லை. வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலக்கச் சொல்லுங்கள், கொள்ளை வேகவைத்துக் கடைந்து கொடுக்கச் சொல்லுங்கள். கூட்டம் முடிந்ததும் அவித்த கடலையோ சுண்டலோ ஒரு கிண்ணம் கொடுங்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டால் செலவு தெரியாது. அந்தக் கால் மணி நேரப் பேச்சுக்காகவே வருகிறவர்கள் இருப்பார்கள். பேச்சும் இந்த வைத்தியத்தில் சேர்ந்தது, அவசரப்படுத்தி அனுப்பாதீர்கள்.

இரண்டு அரசுகளிடமும் கேட்டு வாங்க வேண்டியவை

கேரளப் பக்கம் இருந்தால் முதலில் வார்டு மெம்பரையும் குடும்ப ஆரோக்கிய மையத்தையும் பாருங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒரு நாள் வந்து பயிற்சிகளைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் மலையாளத்தில் சொன்னால் உங்களில் ஒருவர் தமிழில் திருப்பிச் சொல்லி, அவர் அனுமதியோடு போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்துத் திட்டம் போடும் முன் முதியவர்களுக்கென்று தனியாக வயோஜன கிராமசபை கூடும். நாற்காலி, எடை மெஷின், பிரஷர் மெஷின், கழிப்பறைக் கைப்பிடி எல்லாம் அங்கே எழுத்தில் கேட்க வேண்டியவை. தமிழ்ச் சிறுபான்மைப் பகுதி என்பதால் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். கூட்டத்தின் பெரியவர்களையே எழுந்து பேச வையுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் வீடு இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும், இயன்முறை மருத்துவமும் உண்டு. அந்தத் தன்னார்வலரையும் உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். இரண்டு மாநிலத்துக்கும் பொதுவாக, முதியோர் உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. பென்ஷன் சந்தேகத்திலிருந்து வீட்டில் கொடுமை வரை அதில் சொல்லலாம். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது, டவரைப் பொறுத்து அழைப்பு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடலாம். எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், அப்புறம் ஊர்ப் பெயர் என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது

மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே நாற்காலியில், அதே நான்கு மீட்டரில் மறுபடி அளந்து நோட்டில் எழுதுங்கள். 18 வினாடி எடுத்தவர் 14-ல் முடித்தால் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். குறைந்திருந்தால் தனியாகக் கேளுங்கள், சாப்பாட்டிலோ மருந்திலோ மனதிலோ ஏதோ நடந்திருக்கும்.

இரண்டு தடவை சேர்ந்தாற்போல் ஒருவர் வரவில்லை என்றால் அன்றைக்கே யாராவது வீட்டுக்குப் போக வேண்டும். போகிறவர் யார் என்பதையும் முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலே வயதானவர்களுக்குத் தசை வேகமாகக் கரையும். குணமானதும் பழைய எடையைக் கட்டாமல், மணலைப் பாதியாக்கித் தொடங்குங்கள்.

மகன் வீட்டுக்கு இரண்டு மாதம் திருப்பூர் போகிறவருக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுங்கள். ஒரு பக்கம் அவருடைய பயிற்சிகளும் எண்ணிக்கையும், மறுபக்கம் மாத்திரைகள், ஒவ்வாமை, மகனின் போன் நம்பர். மருமகளிடமும் போனில் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்: எந்த நாற்காலி, எத்தனை தடவை, ராத்திரிக்கு என்ன கொடுக்கணும் என்று.